நைனா பழுதுபார்க்க முயன்ற பாட்டு

அக்கா மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. புறப்படுவதற்கு முன் சொல்லிக்கொண்டு போகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை காட்பாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டுக் கைகழுவியதும் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா, பிங்க் ஃபிளாய்டுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது? ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். ரெண்டு சொன்னா ஒத்துக்க மாட்டேன்" என்றான். தெரிந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டைக் கேட்டு வாங்கி, அங்கே தனியாக இருக்கும் நாள்களில் கேட்பதற்காகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறானாம். அவனுடைய அம்மா பி. சுசீலா பாட்டு ஒன்றை யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குழுவின் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டும், அவற்றைப் பற்றி வருவோர் போவோரிடமெல்லாம் பேசிக்கொண்டும் இருக்கும் எனக்குத்தான் வாயில் பதில் வரவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி அவனை அனுப்பிவைத்தேன். யோசித்ததை எழுதிவிட்டால் தெளிவு கிடைக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காக மட்டும் ஓரிரு வரிகள். பிங்க் ஃபிளாய்டு 1965இல் லண்டனில் தொடங்கிய ராக் இசைக்குழு. தொடக்கக் காலத்தில் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதி, பாடி, கிட்டாரும் வாசித்தவர் சிட் பாரெட். மனநிலை குலைந்து மேடையில் நின்று வாசிக்க முடியாத நிலை வந்ததால், 1968இல் அவர் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. அவருக்குத் துணையாகச் சேர்க்கப்பட்ட டேவிட் கில்மோர் அவருடைய இடத்துக்கு வந்தார். ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்டு ரைட், நிக் மேசன் ஆகிய மூவரும் முதலிலிருந்தே இருந்தவர்கள். விலகியவரின் நினைவு மற்றவர்களை விட்டு விலகவில்லை என்பதற்கு அவர்களுடைய பாட்டுகளே சாட்சி. நான் இங்கே தேர்ந்தெடுக்கப்போகும் பாட்டுக்கும் அதில் பங்குண்டு.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் மற்றவற்றைக் கழிக்க வேண்டும். எனக்குக் கழிப்பதுதான் சிரமமாக இருந்தது. கல்லூரியில் படித்த காலத்தில் என்னைக் கேட்டிருந்தால் 'மணி' என்று சொல்லியிருப்பேன். 1973 மார்ச்சில் வெளிவந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' தொகுப்பில் உள்ள பாட்டு அது. நாணயங்கள் சிணுங்கும் ஒலி, காகிதம் கிழிபடும் ஒலி, கல்லாப்பெட்டி திறக்கும் ஒலி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதிவுசெய்து, நாடாவை அளவுகோல் வைத்து அளந்து துண்டுகளாக நறுக்கி ஒட்டி, வட்டமாகச் சுற்றவிட்டு அதையே தாளமாக்கியிருப்பார்கள். அந்தத் தாளத்துக்கு ஏழு எண்ணிக்கை. ராக் பாட்டுகள் பெரும்பாலும் நான்கில் ஓடும்போது இது ஏழில் ஓடுகிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் தொடையில் தட்டி, தகிட தகதிமி என்று மிஸ்ர சாபு போட்டுப் பார்க்கலாம், கச்சிதமாகப் பொருந்தும். சாக்ஸபோன் வாசிப்பு முடியும்வரை ஏழாக இருக்கும் பாட்டு, கிட்டார் நுழையும் இடத்தில் திடீரென்று நான்குக்கு மாறி ஓடத் தொடங்கும்போது, குண்டும் குழியுமான சாலையில் குலுங்கிக்கொண்டு வந்த பேருந்து நான்குவழிச் சாலையில் ஏறியதைப் போலிருக்கும். இவ்வளவும் இருந்தும் அதைக் கழித்துவிட்டேன். நான் அதை வியந்து கேட்கிறேன், ஆனால் கேட்டு முடித்தபின் திரும்பக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை.

அதே தொகுப்பில் உள்ள 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் பல கடிகாரங்கள் அலறும். ஒலிப்பதிவுப் பொறியாளரான ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரங்கள் விற்கும் கடைக்குப் போய், ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியே பதிவுசெய்து கொண்டுவந்து சேர்த்த ஒலி அது. என் தகப்பனாரின் கடையில் பாதி இடத்தை உள்வாடகைக்கு எடுத்துக் கைக்கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர், அந்த இடம் முதன்முறை வந்தபோது கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தம் மேசைமேல் எதுவோ அடிக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பாட்டு சொல்லும் செய்தி, அதாவது வாழ்க்கை தொடங்கும் என்று காத்திருந்த ஆண்டுகளே வாழ்க்கையாகக் கழிந்துவிட்டன என்பது, இருபது வயதில் எனக்குப் புரியாமல் பிடித்திருந்தது. இப்போது ஐம்பதை நெருங்கும் வயதில் புரிகிறது, அதனாலேயே அடிக்கடி கேட்க முடியவில்லை.

1971இல் வந்த 'எக்கோஸ்' இருபத்து மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடுவது. ரிச்சர்டு ரைட்டின் பியானோவின் ஒரே ஒரு சுரத்தைச் சுழலும் ஒலிபெருக்கி வழியாக அனுப்பி எடுத்த, கிணற்றுக்குள் நீர்த்துளி விழுவது போன்ற ஒலியில் அது தொடங்குகிறது. அந்த ஒரு துளிக்காகவே பரிசு கொடுக்கலாம். ஆனால் நடுவில் காற்றும் பறவைக் கூச்சலுமாக வரும் நீண்ட பகுதியில் என் மனம் வீட்டுக் கணக்குக்குப் போய்விடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்கா மகனின் கட்சி 'கம்ஃபர்ட்டப்ளி நம்'. அவன் வயதுக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள். 1979இல் வந்த 'தி வால்' தொகுப்பில் உள்ள அந்தப் பாட்டில் கில்மோர் இரண்டு முறை தனியாகக் கிட்டார் வாசிக்கிறார். இரண்டாவது முறை வாசிப்பதைக் கேட்டுவிட்டுக் கருத்து மாறாமல் எழுந்து போனவர்களை நான் பார்த்ததில்லை. கிட்டார் கற்றுக்கொள்ளும் பையன்கள் இரவெல்லாம் அதை வாசித்துப் பார்க்கும் விடுதி அறைக்கு அடுத்த அறையில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில், அந்தப் பாட்டின்மேல் எனக்கு இருக்கும் மனக்குறை பாட்டைச் சேர்ந்ததன்று.

இத்தனையும் கழித்தபின் எஞ்சியவை 1975 செப்டம்பரில் வெளிவந்த 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பிலிருந்து இரண்டு. முதலாவது 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. ஒன்பது பகுதிகளாக, தொகுப்பின் தொடக்கத்தில் பாதியும் முடிவில் பாதியுமாகப் பிரித்து வைக்கப்பட்ட பாட்டு. நேரடியாகவே சிட் பாரெட்டை நினைத்து எழுதியது. 'டார்க் சைடு' வந்த பிறகு வாத்தியங்களே இல்லாமல் வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு தொகுப்பு செய்யப்போவதாகக் கிளம்பி, பாதியில் கைவிட்ட முயற்சியில் எஞ்சியவை, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை விரலால் தேய்த்து எடுத்த ஒலிகள். அவற்றை இந்தப் பாட்டின் தொடக்கத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் ஜலதரங்கத்தில் கிண்ணங்களைக் குச்சியால் தட்டுவார்கள், தட்டிய ஒலி உடனே அடங்கும். தேய்க்கும்போது அது அடங்காமல் மூடுபனியைப் போல நிற்கிறது. அந்தப் பனிக்குள்ளிருந்து கில்மோரின் நான்கு சுரங்கள் வருகின்றன. அந்த நான்கு சுரங்களை முதலில் கேட்டபோதுதான், விலகிப்போன நண்பரின் நினைவு மற்றவர்களுக்கு வந்து பாட்டு உருவாயிற்று.

1975 ஜூன் 5ஆம் தேதி, லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பாட்டின் ஒலிக்கலவை நடந்துகொண்டிருந்த நேரத்தில், தலையையும் புருவங்களையும் மழித்துக்கொண்ட, உடல் பெருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றிருக்கிறார். யாரோ வேலையாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவர் சிட் பாரெட் என்பது தெரிய நெடுநேரம் ஆகியிருக்கிறது. அடையாளம் தெரிந்தபோது அழுதிருக்கிறார்கள். இந்தச் சம்பவத்தைப் படித்த எவரும் 'ஷைன் ஆன்' பாட்டை முன்போலக் கேட்க முடியாது. என் தடையும் அதுதான். அது அவர்களுடைய துக்கம். அந்த நால்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நான் வாசற்படியில் நின்று கேட்கிறேன். மற்றொரு பாட்டு, அதாவது தொகுப்பின் பெயரையே தாங்கிய 'விஷ் யூ வேர் ஹியர்', அப்படி என்னை வெளியே நிறுத்தவில்லை. எனக்கும் அதில் உட்கார ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் என் நைனா.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் தகப்பனாரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நைனாவுக்கு வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடை இருந்தது. அந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகளும் உடன் வருபவர்களும் வாரக்கணக்கில் தங்கும் லாட்ஜுகள் வரிசையாக இருக்கும். பெயர்ப்பலகைகளில் தமிழுக்குக் கீழே வங்க எழுத்து இருக்கும். மதிய வேளையில் சந்துக்குள் நுழைந்தால் கடுகெண்ணெய் வாசனை வரும். உடன் வந்தவர்களுக்கு மருத்துவமனை நேரம் போக மீதி நேரமெல்லாம் காத்திருப்பதுதான் வேலை என்பதால், கையில் ஒரு டிரான்சிஸ்டரோ டேப்போ வைத்திருப்பார்கள். அதில் ஏதாவது பழுதானால் நைனாவிடம் வரும். இந்தியும் வங்காளமும் கலந்த ஒரு மொழியை அவர் அந்தச் சந்திலேயே கற்றுக்கொண்டார்.

1991ஆம் ஆண்டு கத்திரி வெயில் காலத்தில், தாயாரின் சிகிச்சைக்காக ஷில்லாங்கிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் ஜப்பான் டூ-இன்-ஒன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்திருக்கும் பெட்டிக்கு அந்நாளில் அதுதான் பெயர். பெல்ட் தளர்ந்து பாட்டு இழுத்து இழுத்து ஓடிப் பாதியில் நின்றுபோயிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறையில் கடைக்குப் போய்க்கொண்டிருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளைக் கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். நைனா புதுப் பெல்ட்டை மாட்டி, உள்ளே இருந்த கேசட்டையே ஓடவிட்டார்.

பாட்டு நன்றாகவே ஓடியது. அவருடைய பழக்கப்படி, ஒலிப்பெட்டியின் முன்துணியை நீக்கிவிட்டு, உள்ளே ஒலியோடு அதிரும் கூம்பான கோனின் ஓரத்தில் நடுவிரல் நுனியை வைத்து அதிர்வைப் பார்த்தார். காதைவிட விரலைத்தான் அவர் நம்புவார். பாஸ் சரியாக இருக்கிறதா, கோன் எங்காவது விட்டிருக்கிறதா என்பதை விரல்தான் சொல்லும் என்பார். முரட்டு கிட்டார் ஒன்று முழுச் சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. திருப்தியோடு அவர் மூடியை எடுக்கக் குனிந்த நொடியில், அத்தனை சத்தமும் ஒரு துவாரத்துக்குள் உறிஞ்சப்பட்டதுபோல் சுருங்கி, குட்டி டிரான்சிஸ்டரில் வரும் பாட்டாகிவிட்டது. விரலுக்குக் கீழே கோன் அசையவில்லை. நைனா கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

மறுபடி ஓடவிட்டார். இந்த முறை அதைவிட மோசமான ஒன்று நடந்தது. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு நிலையம் வந்தது, மறைந்தது, யாரோ ஆங்கிலத்தில் பேசினார்கள், அதுவும் மறைந்தது, பெரிய வாத்தியக் கோஷ்டி ஒன்று ஒரு நொடி கேட்டு ஓய்ந்தது. இரவில் பி.பி.சி. வானொலியின் தமிழோசையைப் பிடிப்பதற்காகச் சிற்றலையில் முள்ளை நகர்த்தும்போது கேட்பது அப்படியே கேட்டது. நைனாவின் முகம் தெளிந்தது. இது அவருக்குத் தெரிந்த நோய். டூ-இன்-ஒன்னில் ரேடியோவுக்கும் டேப்புக்கும் மாற்றும் சுவிட்சில் அழுக்கு ஏறிவிட்டால், டேப் ஓடும்போதே ரேடியோவும் கலந்து கேட்கும். "சுவிட்ச்சுடா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, அதில் ஸ்பிரிட்டைச் சொட்டவிட்டு, இப்படியும் அப்படியுமாக முப்பது தடவையாவது தள்ளினார். ஓடவிட்டார். ரேடியோ கேட்டது. கடைசி வழியாக, ரேடியோ போர்டுக்கு மின்சாரம் போகும் சிவப்பு ஒயரையே சூட்டுக்கோலால் தொட்டுக் கழற்றி எடுத்துவிட்டு ஓடவிட்டார். உயிரில்லாத ரேடியோ, நிலையம் மாற்றி நிலையம் கேட்டுக்கொண்டிருந்தது.

நைனா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதன்முறையாக அந்த இடத்தைத் தாண்டி நாடா ஓடியது. ரேடியோ ஒரு நிலையத்தில் நின்றது. அதில் ஒரு கிட்டார், பாஸ் இல்லாமல், பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்பதைப் போல மெலிந்த குரலில், சில சுரங்களையே திரும்பத் திரும்ப வாசித்தது. யாரோ அருகில் இருமினார், மூக்கை உறிஞ்சினார். பிறகு, எங்கள் மேசைமேல் வைத்து மீட்டியது போன்ற நெருக்கத்தில், முழுமையான ஒலியோடு இரண்டாவது கிட்டார் ஒன்று தயங்கித் தயங்கி நுழைந்து, அந்த ரேடியோ கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது. மெலிந்தது மெலிந்தபடியே இருக்க, அதற்குப் பக்கத்தில் இது முழு உடம்போடு இருந்தது. பழுதான பெட்டியிலிருந்து இரண்டும் ஒருசேர வர வழியில்லை என்பது நைனாவுக்குத் தெரியும். சூட்டுக்கோலைத் தாங்கியில் வைக்காமல் கையிலேயே பிடித்தபடி பாட்டு முடியும்வரை கேட்டார். பின்பு திருப்பிச் சுற்றி மறுபடியும் கேட்டார்.

"செட்டு நல்லாத்தான்டா கீது. அவன் வேணும்னே அப்டி வச்சிருக்கான்" என்றார். சற்று நேரம் கழித்து, "ரேடியோவுல ஒருத்தன் வாசிக்கிறான். இவன் வூட்ல தனியா குந்திக்கினு அது கூட வாசிக்கிறான். அவனுக்கு இவன் வாசிக்கிறது தெரியாது" என்றார்.

ஆங்கிலம் அறியாத நைனா சொன்ன அந்த விளக்கத்துக்கு மேலாக இந்தப் பாட்டைப் பற்றி நான் பிற்காலத்தில் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கில்மோர் செய்ய நினைத்ததும் அதையேதான். பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் வாசித்த தொடக்கப் பகுதியை வானொலியில் கேட்பதுபோல ஒலி குறுக்கிப் பதிவுசெய்துவிட்டு, அதைக் கேட்டபடி ஓர் அறையில் உட்கார்ந்து தானும் வாசிக்கும் ஒருவனைப் போல மற்றொரு கிட்டாரைச் சேர்த்தார். அந்த நிலையங்களின் ஒலி அவருடைய காரில் இருந்த வானொலியிலிருந்து பதிவுசெய்தது. ஒரு நொடி வந்துபோன வாத்தியக் கோஷ்டி சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனி. நாங்கள் முதலில் கேட்ட முரட்டு கிட்டார், தொகுப்பில் இதற்கு முந்திய 'ஹேவ் எ சிகார்' பாட்டின் முடிவு. இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தெரிந்தபின் ரசனை கூடியது உண்மைதான், ஆனால் அந்தச் சந்தில் அன்று மாலை தெரிந்தது தெரிந்ததுதான்.

என்னை உள்ளே உட்கார வைத்தது அந்த இரண்டாவது கிட்டார். மற்றப் பாட்டுகளில் அவர்கள் வாசிக்கிறார்கள், நான் கேட்கிறேன். இதில் கேட்பவனுக்கும் ஒரு பாத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. எங்கோ தொலைவில் இருப்பவர்களின் இசை, தேய்ந்தும் இரைச்சலோடும் வந்து சேர்கிறது. அதைக் கேட்பவன் தன் அறையிலிருந்து தன்னால் இயன்றதைச் சேர்க்கிறான். பாட்டின் சொற்களை எழுதிய வாட்டர்ஸ், பிரிந்தவரை நினைத்து அவற்றைக் கேள்விகளாகவே தொடங்குகிறார். அந்தக் கேள்விகள் வருவதற்கு முன்பே, சொல்லில்லாமல், பிரிவு என்றால் என்னவென்று அந்த இரண்டு கிட்டார்களும் சொல்லி முடித்துவிடுகின்றன. தொலைவிலிருப்பவனோடு சேர்ந்து வாசிக்கலாம், அவன் காதில் அது விழாது.

தலைப்பின் பொருளை எனக்குச் சொன்னவர் அந்த ஷில்லாங் இளைஞர். ஊர் சுற்றப் போகிறவர்கள் பட அஞ்சலட்டையின் பின்புறத்தில், நீயும் இங்கே இருந்திருக்கலாமே என்று எழுதும் வழக்கமான வரி அது என்றார். வேலூரிலிருந்து எவருக்கு அப்படி எழுதுவது என்று சிரித்துக்கொண்டார். பெட்டி தயாராகிவிட்ட பிறகும் ஏறக்குறைய நாள்தோறும் அவர் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய கேசட் தொண்ணூறு நிமிட நாடா. ஒரு பக்கத்தில் 'டார்க் சைடு', மறுபக்கத்தில் 'விஷ் யூ வேர் ஹியர்'. இரண்டுமே நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு நிமிடத் தொகுப்புகள் ஆகையால், அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல அதில் அடங்கியிருந்தன. நைனா அதைக் கடையின் இரட்டை டெக்கில் போட்டு எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து, சிகிச்சை முடிந்த தம் தாயாரையும் கடைக்கு அழைத்துவந்தார். ஊருக்குப் புறப்படும் நாள். நைனா டீ வரவழைத்துக் கொடுத்து, மரியாதைக்காக அந்தப் பாட்டை ஓடவிட்டார். கிட்டார் இரண்டடி வைத்ததுமே அந்த அம்மாள், கும்பிடும் பாவனையில் கையெடுத்து, "பந்த் கரோ, பாய்யா" என்றார். லாட்ஜ் அறையில் முப்பது நாள்களாக இதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாராம். நைனா சிரித்துக்கொண்டே நிறுத்தினார். பெல்ட்டுக்குரிய காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பாட்டில் குறையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். நடுவில் வரும் பகுதிகள் மிக எளியவை, கிட்டார் பழகத் தொடங்கிய மூன்றாம் மாதமே எவரும் வாசித்துவிடலாம். 'எக்கோஸ்' காட்டும் துணிச்சலோ 'மணி' காட்டும் சாமர்த்தியமோ இதில் கிடையாது. முடிவில் காற்றின் ஓசை எழுந்து பாட்டை மூடிவிடுகிறது. பக்கத்துக் கூடத்தில் பதிவுக்காக வந்திருந்த புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியை அழைத்து வாசிக்கச் செய்துவிட்டு, அந்த வயலினைக் காற்றுக்கு அடியில் காதுக்கு எட்டாத அளவுக்கு அமுக்கிவிட்டார்கள். எங்கள் பிரதி நாடாவில் அது கேட்கவே கேட்காது. 2011இல் வெளியிடப்பட்ட பதிப்பில் வயலினோடு கூடிய வடிவம் முழுமையாக வந்தது. கேட்டுப் பார்த்தேன். அருமையான வாசிப்பு, ஆனால் அமுக்கியது சரியான முடிவு என்றே தோன்றியது. தனியறையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் துணை சேர்த்துவிட்டால் பாட்டின் தனிமை போய்விடுகிறது.

நெடுங்காலம் பிரிந்திருந்த நால்வரும் 2005 ஜூலை 2ஆம் தேதி லண்டன் ஹைடு பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சிக்காக இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக மேடையேறியபோது, வாட்டர்ஸும் கில்மோரும் ஆளுக்கொரு கிட்டாரோடு நின்று இந்தப் பாட்டைப் பாடினார்கள். இங்கே இல்லாத அனைவருக்காகவும், முக்கியமாக சிட்டுக்காகவும் இதைப் பாடுகிறோம் என்று வாட்டர்ஸ் அறிவித்தார். மறு ஆண்டு ஜூலையில் சிட் பாரெட் இறந்தார். 2008இல் ரிச்சர்டு ரைட்டும் போய்விட்டதால் அந்த நால்வரும் சேர்ந்து நிற்பதற்கு இனி வழியில்லை.

நைனாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன, காட்பாடியில் எங்களோடு இருக்கிறார். காது மந்தமாகிவிட்டதால் கருவி வைத்திருக்கிறார். பேச்சு கேட்கிறது, பாட்டு மட்டும் பிடிப்பதில்லை, தொலைக்காட்சியில் பழைய பாட்டு வந்தால் எழுந்து போய்விடுகிறார். நேற்று மாலை அக்கா மகனுக்கு எழுத வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டு, கடையிலிருந்து கொண்டுவந்த அந்த எட்டங்குல ஸ்பீக்கரில் இந்தப் பாட்டைப் போட்டேன். ஈசிச்சேரில் இருந்த நைனா தலையைத் திருப்பினார். "அந்த ஷில்லாங் பையன் பாட்டுதான?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எல்லாமே மெல்லிசாத்தான் கேக்குது. இந்த மெஷினை மாட்டுனதிலேருந்து எனக்கு எல்லாப் பாட்டும் அந்த மொத கிட்டார் மாதிரிதான்டா. ரெண்டாவது ஆளு வர்றதே இல்ல" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே எழுந்து வந்தார். காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரின் முன்துணியை நகத்தால் நெம்பி எடுத்து, மொதல்லேருந்து போடு என்று கைகாட்டினார். கோனின் ஓரத்தில் நடுவிரல் நுனியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். நிலையங்கள் மாறின. மெலிந்த கிட்டார் வந்தது. கோன் அசையவில்லை, நைனாவும் அசையவில்லை. இருமல் சத்தம் வந்துபோயிற்று. இரண்டாவது கிட்டாரின் முதல் தந்தி அதிர்ந்தபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வந்துட்டான்" என்றார்.